பெரிய பாட்டிலா, சின்னதா, ஜீரோவா: கடலோரத்து பீர் கணக்கு

சனிக்கிழமை ராத்திரி ஒரு பெரிய பாட்டில் ஸ்ட்ராங், ஞாயிறு மத்தியானம் இன்னொன்று. பத்து வருடமாக இதுதான் பழக்கம், இதற்கு மேல் போனதில்லை, அதனால் யார் கேட்டாலும் "குடியெல்லாம் கிடையாது, பீர் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு முந்நூறைத் தாண்டி நின்றது, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. டாக்டர் நிறுத்தச் சொன்னார். முழுசாவா என்று கேட்டேன். "முழுசா விட்டா நல்லது. முடியலைன்னா, என்ன குடிக்கிறோம், எவ்வளவு குடிக்கிறோம்னாவது தெரிஞ்சு குடிங்க" என்றார். அவர் பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். நான் அந்த இரண்டாவது பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் படகு இன்ஜினுக்கு உதிரிபாகம் விற்கிற கடை எனக்கு. கடன் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்தேன்: ஆல்கஹால் உள்ளது, இல்லாதது, இனிப்பு போட்டது, லைட் என்று பேர் வைத்தது, கையில் கிடைத்ததெல்லாம். ஆறு மாதம் ஓடியது. இப்போது பீர் கணக்கும் கடன் கணக்கும் நடுப்பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அதனால் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எதை எடுப்பது என்பதற்கு முன்னால் எதற்குக் குடிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் மச்சினன் விசைப்படகில் டிரைவர். விடிகாலை போனால் மறுநாள் காலையில்தான் கரை. அவனுக்கு பீர் என்பது தூக்க மாத்திரை. "மச்சான், எனக்கு ருசியெல்லாம் தெரியாது, மண்டை கொஞ்சம் மந்தமாகணும், அவ்வளவுதான்" என்பான். எனக்கு அப்படி இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பகலெல்லாம் கிரீசும் டீசலுமாக நின்றுவிட்டு, உப்புக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், அப்போது தொண்டைக்கு வேண்டியது சில்லென்று, கசப்பாக, கேஸோடு ஏதோ ஒன்று. அது கிக்குக்காக இல்லை என்று புரியவே எனக்கு நாற்பத்து நாலு வயது ஆகியிருக்கிறது. இந்த இரண்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் கீழே இருக்கிற எல்லாமே.

சரி, கணக்குக்கு வருவோம். பீர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற மாதிரி ஊட்டச்சத்து அட்டவணை இருக்காது. மது பாட்டிலில் அதைப் போடக் கூடாது என்பதுதான் நம் நாட்டு விதி. விருப்பப்பட்டால் கலோரி எண்ணை மட்டும் போடலாம், ஆனால் விருப்பப்பட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. ஆக நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான், கஷ்டமில்லை. பாட்டிலின் மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் உள்ளே எத்தனை மில்லி சுத்த ஆல்கஹால் என்று வந்துவிடும். ஒரு மில்லி ஆல்கஹால் 0.79 கிராம், கிராமுக்கு 7 கலோரி, அதாவது மில்லிக்கு ஐந்தரைக் கலோரி. அதற்கு மேல் மாவுச்சத்து: சாதாரண பீரில் நூறு மில்லிக்கு மூன்று நாலு கிராம், கிராமுக்கு 4 கலோரி.

என் ஸ்ட்ராங் பாட்டில் 650 மில்லி. லேபிளில் 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று இருந்தது. மிகாமல் என்றால் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எட்டு என்றே வைத்துக்கொண்டேன். 52 மில்லி சுத்த ஆல்கஹால். அதிலேயே 286 கலோரி, மாவுச்சத்தும் சேர்ந்தால் 370, 380. ஆறேழு இட்லி. கலோரியைக்கூட விடுங்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறு கணக்கு. கடையில் விற்கிற பிராந்தி 42.8 சதவீதம். அறுபது மில்லி பெக் இரண்டு போட்டால் 51 மில்லி சுத்த ஆல்கஹால். அதாவது ஒரு பெரிய ஸ்ட்ராங்கும் இரண்டு லார்ஜ் பிராந்தியும் ஒன்றுதான். "பீர் மட்டும்தான்" என்று பத்து வருடம் சொல்லித் திரிந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மனைவியிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. அவளே நோட்டைப் பார்த்துவிட்டாள்.

அதே 650 மில்லியில் 5 சதவீத லாகர், அதாவது சாதாரண மைல்டு பீர் என்றால் 270 கலோரி பக்கம். அதே லாகர் 330 மில்லி சின்ன பாட்டிலில் 135, 140. இந்த மூன்று எண்ணையும் வரிசையாக எழுதிப் பார்த்ததும் பாதி முடிவு வந்துவிட்டது: பிராண்ட் எதுவானாலும் சரி, ஸ்ட்ராங்கிலிருந்து மைல்டுக்கும், பெரியதிலிருந்து சின்னதுக்கும் இறங்கினாலே கலோரி மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. இதில் எந்த விசேஷ பீரும் வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் சின்ன பாட்டில் வாங்கினால் பக்கத்தில் நிற்கிறவன் ஒரு மாதிரி பார்ப்பான், மில்லிக்கு மில்லி விலையும் கூடத்தான் வரும். பெரிய பாட்டில் லாபம் என்று தோன்றும். திறந்தால் மூடி வைக்க முடியாது, கேஸ் போய்விடும், அதனால் முடித்தே ஆக வேண்டும். கூடக் குடிக்க வைப்பதே அந்தப் பாட்டிலின் அளவுதான்.

அப்புறம் லைட் பீர். வெளிநாட்டில் இது பெரிய கதை. 1967-இல் ஜோசப் ஓவேட்ஸ் என்ற வேதியியலாளர், பீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் தின்ன முடியாமல் மிச்சம் விடுகிற மாவுச்சத்தையும் ஒரு நொதியை வைத்து உடைத்து ஈஸ்ட்டுக்கே ஊட்டிவிடுகிற வழியைக் கொண்டுவந்தார். மிச்சம் அதிகம் இல்லாமல் பெரும்பாலும் ஆல்கஹால் ஆகிவிடும், அதைத் தண்ணீர் சேர்த்து 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் லைட். 1975-இல் மில்லர் லைட் அமெரிக்கா முழுக்கப் போனது, 355 மில்லிக்கு 96 கலோரி. அதே அளவு சாதாரண பீர் 150 பக்கம். ஐம்பது கலோரி மிச்சம், அதில் ஒரு பங்கு மாவுச்சத்து குறைந்ததால், இன்னொரு பங்கு ஆல்கஹால் குறைந்ததால். இதற்கு ருசியில் கொடுக்கிற விலை: கோதுமைக் கஞ்சியின் மேல் தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்த மாதிரி இருக்கும். ரொம்பச் சில்லென்று இருந்தால் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒல்லி பாட்டில், வெள்ளை லேபிள், அல்ட்ரா என்ற பேர், இதையெல்லாம் பார்த்து லைட் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் மிக்கலோப் அல்ட்ரா லைட் பீர்தான், 4.2 சதவீதம், 95 கலோரி. நம் ஊர் கிங்ஃபிஷர் அல்ட்ரா அந்த வகை இல்லை, மற்ற மைல்டு பீர் மாதிரிதான், கொஞ்சம் மெருகு கூட. நானும் இரண்டு மாதம் அதை டயட் என்று நினைத்துக் குடித்தவன். நிறத்திலும் இதே ஏமாற்று உண்டு. கறுப்பாக இருந்தால் கனமான பீர் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் கின்னஸ் டிராட் 4.2 சதவீதம்தான், கலோரியில் சாதாரண லாகரைவிடக் குறைவு. நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, காபிக்கொட்டையைக் கறுக வறுத்தால் வருகிற மாதிரி.

இனி ஜீரோ, அதாவது ஆல்கஹால் இல்லாத பீர். இதைத்தான் ஆசை ஆசையாகச் சோதித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்புளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து எவர்சில்வர் டம்ளர். எவர்சில்வர் ஏனென்றால் நிறம் தெரியக் கூடாது. மனைவி கீழே போய் ஊற்றி, அடியில் நெயில் பாலிஷால் எண் போட்டு, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். கிங்ஃபிஷர் பிரீமியம், பட்வைசர், ஹைனக்கன், பிறகு ஹைனக்கன் 0.0, பட்வைசர் 0.0. ருசி பார்க்கிறவர்கள் நான், மச்சினன், அப்புறம் ஜீரோ இரண்டுக்கு மட்டும் கீழக்கரைக் காக்கா. அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது கீழக்கரைக்காரர்கள் வழக்கம், நானும் அப்படியே பழகிவிட்டேன். சவூதியில் தம்மாமில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர், வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. அவருக்கு மட்டும் அவர் கண் எதிரிலேயே மூடி திறந்து, தனிக் கண்ணாடி கிளாஸில் ஊற்றினோம். அதுதான் மரியாதை.

முதல் மடக்கில் நான் தோற்றேன். ஐஸ் குளிரில் ஐந்தும் ஒன்றுதான். ஹைனக்கன் 0.0-வை பீர் என்று சொன்னேன், பிரீமியத்தை ஜீரோ என்று சொன்னேன். மச்சினன் வாயை நனைத்துவிட்டு வைத்துவிட்டான், "அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேளு, எதுல ஏறுதுன்னு பாத்துச் சொல்றேன்" என்று. ஆனால் கடல் காற்றில் பத்து நிமிடத்தில் டம்ளர் வேர்த்து, குளிர் இறங்கியதும், ஜீரோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஹார்லிக்ஸ் கலக்கிய டம்ளரைச் சரியாகக் கழுவாமல் அதில் சோடா ஊற்றினால் ஒரு வாசம் வருமே, அது. தப்பான உவமை இல்லை, இரண்டிலும் இருப்பது முளைகட்டிய தானியத்தின், அதாவது மால்ட்டின் வாசம்தான். அப்புறம் நாக்கில் ஒரு கனம் குறைகிறது. முழுங்கியதும் தொண்டையில் லேசாக ஒரு சூடு நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, தண்ணீர் இறங்கின மாதிரி இறங்கிவிடுகிறது. அந்தச் சூடுதான் ஆல்கஹால்.

ஏன் அப்படி என்று தேடிப் பார்த்தேன். ஹைனக்கன் 0.0 மாதிரி உள்ளவற்றில் முதலில் நிஜ பீரைக் காய்ச்சிவிட்டு, பிறகு ஆல்கஹாலை ஆவியாக்கி எடுக்கிறார்கள். சாதாரணமாக ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், அந்தச் சூட்டில் பீர் கஷாயமாகிவிடும். அதனால் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, கைபொறுக்கிற சூட்டிலேயே ஆவியாக்குகிறார்கள். நம் வாலிநோக்கம் உப்பளத்தில் தண்ணீர் போய் உப்பு நிற்கிறது, இங்கே ஆல்கஹால் போய் மற்றதெல்லாம் நிற்கிறது. கூடவே வாசனையும் கொஞ்சம் கிளம்பிப் போய்விடும், அதைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இன்னொரு வழி, ஈஸ்ட்டைச் சரியாக வேலை செய்யவிடாமலேயே நிறுத்திவிடுவது. அந்த வகையில் இனிப்பும் தானிய வாசமும் கூடுதலாக இருக்கும்.

ஜீரோ என்றால் சுத்தமாக ஜீரோவா? நம் சட்டத்தில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் மது. அதற்குக் கீழே இருந்தால் ஆல்கஹால் இல்லாதது என்று விற்கலாம். 0.0 என்று எழுதியது அதைவிடக் கறாரானது, சொல்லும்படியாக ஒன்றும் இருக்காது. சும்மா நான்-ஆல்கஹாலிக் என்று மட்டும் எழுதியதில் அரை சதவீதம் வரை இருக்க வாய்ப்பு உண்டு. உடம்புக்கு அது ஒரு பொருட்டில்லை, நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலேயே துளி ஆல்கஹால் உண்டு. ஆனால் மார்க்கத்துக்காகத் தவிர்க்கிறவர்களுக்கும், குடியை விட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அந்த வித்தியாசம் முக்கியம். காக்கா லேபிளை ரீடிங் கிளாஸ் போட்டுப் படித்துவிட்டுத்தான் குடித்தார்.

குடித்துவிட்டு, "இத எதுக்குடா பீருங்கிறீங்க? அங்க நாங்க இத மால்ட்டுன்னுதான் சொல்லுவோம்" என்றார். அங்கே சாதாரணக் கடைகளில் மது கிடையாது, அதனால் பார்பிகன், மௌஸி, ஹோல்ஸ்டன் என்று மாதுளை, பீச், ஆப்பிள், எலுமிச்சை எல்லா ருசியிலும் மால்ட் பானம் மளிகைக் கடையிலேயே கிடக்கிறது, மந்தி சோறோடு வைத்துக் குடிப்பார்களாம். அவருக்கு இது எதற்கும் மாற்று இல்லை, அதுவே ஒரு பானம். எங்கள் இரண்டு பேருக்கும்தான் இது எதையோ இழந்த பீராகத் தெரிகிறது. அவர் குடித்த விதத்தில் குடித்தால் ஹைனக்கன் 0.0 நல்ல பானம், நிஜமாகவே.

கலோரி? 100 மில்லிக்கு 21. 330 மில்லி பாட்டிலுக்கு 69. ஜீரோ உணவுப்பொருள் கணக்கில் வருவதால் அட்டவணை போட்டே ஆக வேண்டும், அதனால் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

ஆனால் எல்லா ஜீரோவும் இப்படி இல்லை. கிங்ஃபிஷர் ராட்லர், கூல்பெர்க் என்று எலுமிச்சை, இஞ்சி, பீச், புதினா ருசியில் வருகிறதே, அவை வேறு சாதி. ராட்லர் என்பது ஜெர்மனியில் பீரும் எலுமிச்சை சோடாவும் பாதிக்குப் பாதி கலந்தது, வார்த்தைக்கு அர்த்தம் சைக்கிள் ஓட்டுகிறவன், அதில் ஆல்கஹால் உண்டு. இங்கே அதே பேரில் வந்தது ஆல்கஹால் இல்லாமல். இந்த மாதிரி இனிப்பு மால்ட் பானங்களில் சர்க்கரை வரியை முதலில் பாருங்கள். 100 மில்லிக்கு எட்டு, பத்து கிராம் என்று இருந்தால் 330 மில்லிக்கு 110, 130 கலோரி வந்துவிடும். சின்ன பாட்டில் நிஜ பீரும் அதே அளவுதான். கல்லீரலுக்கு ஆல்கஹால் தொல்லை இல்லை, சரி. ஆனால் சுகர் உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லை என்ற ஒரே தைரியத்தில் இதை இரண்டு மூன்று இறக்கினால் கலர் சோடா குடித்த கதைதான். கசப்பான ஜீரோவிலும் மால்ட் சர்க்கரை கொஞ்சம் உண்டு, அது ரத்தத்தில் வேகமாக ஏறும். மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கணக்கில் வைக்க வேண்டும். கால் கட்டைவிரல் வீங்குகிற யூரிக் ஆசிட்காரர்களுக்கு இன்னொன்று: யூரிக் ஆசிட்டாக மாறுகிற பியூரின் பீரில் உண்டு, ஆல்கஹாலை எடுத்தாலும் அது முழுக்கப் போவதில்லை.

ஜீரோவை வாங்குவதுதான் இங்கே பெரும்பாடு. ராமநாதபுரம் டவுனில் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது, மதுரைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டியிருக்கும். ஒரு தடவை ஆன்லைனில் பன்னிரண்டு பாட்டில் போட்டேன். அட்டைப்பெட்டி நனைந்து வந்து சேர்ந்தது, உள்ளே நாலு உடைசல், பணம் திரும்பவில்லை. டின்னில் வருவதை மட்டும் தபாலில் வாங்குங்கள். இன்னொரு இழப்பு எங்கள் முட்டாள்தனத்தால். மீன் ஐஸ் பெட்டியில் தூள் ஐஸ் போட்டு, சீக்கிரம் குளிரட்டும் என்று மச்சினன் அதில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டான். குச்சி ஐஸ் செய்கிறவர்கள் செய்கிற வேலைதான், பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். அரை மணி நேரத்தில் பீர் பாட்டில் அருமையான கூலிங். ஜீரோ பாட்டில் இரண்டு கழுத்தோடு விரிந்து உள்ளே வெள்ளைக் கட்டியாக நின்றது. ஆல்கஹால் இல்லையென்றால் கிட்டத்தட்டத் தண்ணீர் உறைகிற இடத்திலேயே உறைந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. "உன் ஜீரோவுக்குக் குளிர் தாங்கல மச்சான்" என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான்.

பச்சை பாட்டிலில் வருகிறதை வெயிலில் வைக்காதீர்கள், ஜீரோவானாலும் சரி, நிஜமானாலும் சரி. பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூவின் சத்து மேல் வெளிச்சம் பட்டால் மரநாய் வாடை மாதிரி ஒன்று கிளம்பும். பைக்கில் வெயில் படும்படி வைத்து டவுனிலிருந்து உச்சிப்புளி வருவதற்குள் அது நடந்துவிடும். பழுப்பு பாட்டில் தாங்கும், டின்னுக்குப் பிரச்சினையே இல்லை.

பீரைப் பற்றி இங்கே ஊர் பூராவும் நம்புகிற இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஒன்று கிளிசரின். பாட்டிலைத் திறந்து, தண்ணீர் டம்ளரில் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, கலங்கலாக இறங்குவதைக் காட்டி "பாத்தியா, கிளிசரின்" என்பார்கள். இறங்குவது பீர். அது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் கீழே இறங்கி தண்ணீர் மேலே ஏறுகிறது. கிளிசரால் என்ற பொருள் ஈஸ்ட் வேலை செய்யும்போது தானாக உண்டாவது, எல்லா பீரிலும் ஒயினிலும் துளி இருக்கும், யாரும் ஊற்றுவதில்லை. இரண்டாவது, பீர் குடித்தால் சிறுநீரகக் கல் கரையும் என்பது. நம் மாவட்டத்து வெயிலுக்குக் கல் இல்லாத வீடு குறைவு, அதனால் இந்த வைத்தியத்துக்கு ஆள் குறைவில்லை. என் கடைக்கு வருகிற ஒருவர் டாக்டரே சொன்ன மாதிரி மருந்து என்று குடிப்பார். ஆல்கஹால் மூளையிலிருந்து வருகிற ஒரு சிக்னலைத் தடுக்கிறது, அதனால் சிறுநீர் கூடப் போகிறது, கல் எதுவும் கரைவதில்லை. போனது உடம்பின் தண்ணீர். மறுநாள் நாக்கு வறண்டு எழுந்திருப்பது அதனால்தான். பீர் சூட்டைத் தணிக்கும் என்பதும் அதே வகை. குளிர்ச்சி பாட்டிலில் இருக்கிறது, சரக்கில் இல்லை. தாகத்துக்கு என்றால் இந்த இடத்தில் ஜீரோதான் ஜெயிக்கிறது.

ஜீரோவும் தோற்கிற இடம் ஒன்று உண்டு, அது பதநீர். சாயல்குடிப் பக்கம் போய் விடியலில் இறக்கியதைப் பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்தால் நம் ஆட்கள் ஆல்கஹால் இல்லாத பானத்தை வெற்றிட இயந்திரம் இல்லாமல் செய்துவிட்டார்கள்: கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாவிட்டால் மரத்திலேயே புளிக்க ஆரம்பித்துக் கள். கள்ளுக்கு 1987-இலிருந்து தமிழ்நாட்டில் தடை, பீரைவிடப் பெரிய போதை அதில் இல்லை என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஆனால் கலோரிக் கணக்கில் பதநீருக்குச் சலுகை கிடையாது. நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை, இரண்டு பட்டை குடித்தால் சின்ன பாட்டில் பீரைத் தாண்டிவிடும். அது ருசிக்குக் குடிப்பது, டயட்டுக்கு இல்லை.

புதுச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஹோகார்டன் குடித்தேன், பெல்ஜியத்துக் கோதுமை பீர், 4.9 சதவீதம், ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டது. நம் மல்லிதான். ரச வாசம் வரும் என்று பயந்தேன், வரவில்லை, பூ வாசம் வந்தது. வறுத்த கணவாயோடு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ருசிக்கென்று ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு அதற்கு, ஆனால் மாதம் ஒரு தடவை புதுச்சேரி போக வழியில்லை.

கணவாய் என்றதும் சைடு டிஷ் ஞாபகம் வருகிறது. இந்த ஆராய்ச்சியில் நான் கடைசியாகத்தான் அதை எழுதிப் பார்த்தேன், முதலில் எழுதியிருக்க வேண்டும். வறுத்த நிலக்கடலை நூறு கிராம் 550 கலோரிக்குக் குறையாது. மிக்சர் கிட்டத்தட்ட அதே. ஸ்ட்ராங்கை விட்டு லைட்டுக்கு வந்து மிச்சம் பிடித்ததை இரண்டு கை கடலை தின்றுவிடுகிறது. ஆல்கஹால் உள்ளே போனால் கை தட்டை விட்டு நகராது என்பதையும் கவனித்தேன். ஜீரோ குடிக்கிற நாளில் நெத்திலி வறுவல் மிஞ்சுகிறது, பூனைக்குப் போகிறது. எனக்கு ஜீரோவின் பெரிய லாபம் அந்த 69 கலோரி எண்ணில் இல்லை, இதில் இருக்கிறது.

ஆக யாருக்கு எது? வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் ஜீரோ, அதில் பேச்சே இல்லை. ரத்தத்தில் நூறு மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவையே பத்தாயிரம் அபராதம், சிறைக்கும் இடமுண்டு. ஒரு பெரிய ஸ்ட்ராங் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். தாகத்துக்கும் கசப்புக்கும் குடிக்கிறவர்களுக்குக் கசப்பான 0.0, நன்றாகக் குளிர வைத்து, டம்ளரில் ஊற்றி, பத்து நிமிடத்துக்குள். இனிப்பு ருசி விரும்புகிறவர்கள் ராட்லர் வகை எடுக்கலாம், சுகர் இல்லையென்றால், ஒன்றோடு. பீரின் ருசிக்காகவே குடிக்கிறவர்கள் ஜீரோவில் தலையை முட்டிக்கொள்ள வேண்டாம், லைட்டும் வேண்டாம், பிடித்த லாகரில் 330 மில்லி ஒன்று வாங்கி மெதுவாகக் குடியுங்கள். கிக்குக்குக் குடிக்கிற என் மச்சினன் மாதிரி ஆட்களுக்கு ஜீரோவைச் சிபாரிசு செய்வது காசுக்குக் கேடு. அவனிடம் நான் கேட்டுக்கொண்டது ஸ்ட்ராங்கிலிருந்து மைல்டுக்கு இறங்கு என்று மட்டும்தான். குடித்துவிட்டுத் தூங்கினால் நடுராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது என்று அவனே சொல்கிறான், அதை ஆல்கஹால் செய்கிறது என்று நான் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தோரு நாளும் கரையில்தான் இருப்பான், அப்போது முயற்சி செய்கிறேன் என்றிருக்கிறான்.

நான் இப்போது சனிக்கிழமை ஒரு சின்ன பாட்டில் லாகர், ஞாயிறு ஒரு ஜீரோ, வெயில் ரொம்ப ஏறிய நாளில் வாரநாளிலும் ஒரு ஜீரோ. ஆடியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன், ட்ரைகிளிசரைடு 190. பீரால் மட்டும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், ராத்திரி பரோட்டாவையும் விட்டிருந்தேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "நிறுத்திட்டீங்களா?" என்றார். நோட்டைக் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார், அப்புறம் ஒரு எண்ணின் மேல் விரலை வைத்து, "இந்த ஹைனக்கன் ஜீரோ ராமநாதபுரத்துல எந்தக் கடையில கிடைக்குது?" என்று கேட்டார்.